நாற்காலி அடுக்குகிறவருக்கு

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலை முடிய ஆறு மணி ஆகும்.

நாலு மணிக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வருகிறார். அந்த ரெட்டைச்சடைப் பிள்ளை உங்களிடம் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொல்லுங்கள், சொந்தமாக எதையும் சேர்க்க வேண்டாம். அதற்குள் நம் சபைப் போதகர் போன் செய்து, “அவங்கப்பாகிட்ட நாமளே பேசிப் பாத்துடலாமே” என்பார். மசிந்துவிடாதீர்கள்.

நேற்று முழுக்க உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாதது கோபத்தால் இல்லை. பொறாமை. மூன்று வருடமாக ஞாயிறு பள்ளியில் அவளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பவள் நான். நீங்கள் வகுப்பு முடிந்ததும் வந்து நாற்காலி அடுக்குகிறவர். உங்களிடம் போய்ச் சட்டைக் கையை ஏற்றி, அப்பா அடித்த காயத்தைக் காட்டியிருக்கிறாள். நீங்கள் அதைச் சொன்னபோது, அந்தப் பிள்ளையை நினைப்பதற்கு முன்னால் எனக்கு வயிறு எரிந்தது. நானெல்லாம் ஒரு டீச்சர்.

பின்கதவைப் பூட்டிவிடுங்கள்.

பி.கு. அலுவலரிடம் ஒன்று மட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். போன வாரம் அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள். “டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள். “பாட்டு முடியட்டும்மா” என்றேன். பாட்டு முடிந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை.