காது விளக்கு நான்காம் முறை எரிந்தது தொடர்பாக

அனுப்புநர்:
உடைப் பிரிவுத் தையல்காரர்
(எட்டு மணித் தொடரின் ரோபோ உடையைத் தைத்தவர்),
மாடி வீடு, தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மேற்பார்வை அலுவலகம்.

பொருள்: எட்டு மணித் தொடரில் ரோபோக்களை மானம் போகும்படி காட்டுதல் – ரோபோவின் காதல் காட்சிகளை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வியாழக்கிழமை ஒளிபரப்பான மொட்டைமாடிக் காட்சி.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

தாங்கள் அம்மாவாக இருந்தால் இம்மனுவைப் பாதி படித்தாலே போதும். ஐயாவாக இருந்தால் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. மேற்படி தொடரில் வரும் ரோபோவின் உடையைத் தைத்தவள் நான். வெள்ளி நிற ரெக்சின், உள்ளே நுரைப்பஞ்சு, முதுகில் ஜிப், தலைக்கவசத்தின் இரு காதுகளிலும் சிவப்பு விளக்கு. அந்த உடைக்குள் இருந்து நடிப்பவர் என் கணவர். இந்தக் கடைசித் தகவலுக்கும் மனுவுக்கும் சம்பந்தம் இல்லை. விவரம் முழுமையாக இருக்க வேண்டுமே என்று குறிப்பிட்டேன்.

2. முதலில் பொதுவான குறைகள். இத்தொடரில் ரோபோ மேல் தண்ணீர் தெளித்தால் புகை விடுகிறது. கஷ்டமான கேள்வி கேட்டால் மயங்கி விழுகிறது. அன்பு என்றால் என்ன என்று கண்ணாடியைப் பார்த்து ஒரு வாரம் கேட்டது. சினிமாவிலும் இதே கதைதான். கோபம் வந்தால் கண் சிவக்கும், ஆசை வந்தால் குரல் தழுதழுக்கும், நடந்தால் தொடையில் கட்டி வந்தவர்போல் நடக்கும். (எங்கள் ரோபோவின் நடைக்கு நான் இடுப்பை இறுக்கித் தைத்ததுதான் காரணம் என்று இயக்குநர் சொல்லித் திரிகிறார். அது பொய். உள்ளே இருப்பவருக்கு உடம்பு போட்டுவிட்டது.) எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் பல வருடங்களாக உழைக்கிறது. அது ஒரு நாளும் யாரையும் பார்த்து வெட்கப்பட்டதில்லை. மானமுள்ள இயந்திரங்கள் அப்படித்தான் இருக்கும்.

3. ஆரம்பத்தில் இந்த ரோபோ, கதாநாயகியின் வீட்டில் டீ கொண்டுவந்து கொடுக்கும் வேலைக்காரனாக மட்டுமே வந்தது. அப்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிறகு கதை எழுதுபவருக்கு என்ன தோன்றியதோ, கதாநாயகி அதன் தோளைத் தொட ஆரம்பித்தார். தொட்டால் ரோபோவின் காது விளக்கு எரிய வேண்டும் என்று முடிவானது. அதற்கான பொத்தானும் பேட்டரியும் இடது கையுறைக்குள், கட்டைவிரலுக்கு அடியில் உள்ளன. அவற்றை வைக்கும் சிறு பையை நான்தான் தைத்தேன். கட்டைவிரல் அமுக்கினால் எரியும், விட்டால் அணையும். வெளியில் இருந்து யாரும் எரிய வைக்க முடியாது. தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

4. உடையில் எங்கெங்கே கிழியும் என்று நான் தெரிந்துகொள்வதற்காகக் காட்சித்தாள் எனக்கும் ஒன்று வரும். மொட்டைமாடிக் காட்சியில் "விளக்கு எரிகிறது" என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தது. வியாழக்கிழமை என் மாமியாரோடு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று முறையும் சொன்ன இடத்தில் எரிந்தது. வசனமும் முடிந்துவிட்டது. அப்போது ரோபோவின் கழுத்துப்பட்டையில் ஒரு நூல் தொங்குவதைக் கதாநாயகி பார்த்தார். சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். காட்சித்தாளில் நூலும் இல்லை, சிரிப்பும் இல்லை. விளக்கு நான்காம் முறை எரிந்தது. காட்சி மாறும்வரை அணையவில்லை.

அந்த நூல் நான் விட்ட நூல். அதை அறுக்க வேண்டியவளும் நான்.

என் மாமியார், "பாவம் எம்புள்ள, அந்தச் சூட்டுக்குள்ள என்ன பாடு படுறானோ, காதெல்லாம் செவந்துபோச்சு பாரு" என்றார். 

5. கணவர் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "லூஸ் காண்டாக்ட்டா இருக்கும். இதையெல்லாமா உக்காந்து எண்ணிக்கிட்டு இருப்ப?" என்றார். அந்த வயரிங் செய்த செட் எலெக்ட்ரீஷியனுக்கு உடனே போன் செய்தேன். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். "என் வயரிங்ல லூஸ் காண்டாக்ட்டா? அந்தப் பேச்சே வேணாம் தங்கச்சி" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். இருவரில் ஒருவர்தான் உண்மை சொல்லியிருக்க முடியும்.

6. எனவே நேற்று நானே ஒரு சோதனை செய்தேன். இடுப்பைத் தளர்த்துவதற்காக உடை வீட்டுக்கு வந்திருந்தது. புது பேட்டரி போட்டு, பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். இரண்டு காதும் பளிச்சென்று எரிந்தன. மாமியாரை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி, கணவருக்கு உடையையும் கையுறையையும் மாட்டி, தலைக்கவசத்தையும் வைத்து ஹாலில் நிறுத்தினேன். கழுத்துப்பட்டையில் வேண்டுமென்றே ஒரு நூல் விட்டிருந்தேன். தோளைத் தொட்டேன். நூலைப் பிடுங்கினேன். சிரிக்கவும் செய்தேன். காது விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே இருந்து குரல் வந்தது.

"இடுப்பு இப்ப சரியா இருக்கு. கழட்டலாமா?"

அவர் நல்லவர். குடிப்பதில்லை, கத்துவதில்லை, சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து தருவார். கதாநாயகி அழகானவர், எனக்கும் கண் இருக்கிறது. அவருடைய இடுப்பளவும் எனக்குத் தெரியும், எடுத்தவளே நான்தான். ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்காக அவர் முகத்தில் ஒரு விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் இயந்திரமாக இருந்தவர் இயந்திர வேஷம் போட்ட பிறகா மனிதராக வேண்டும்? எனக்கு வயிறு எரிகிறது. அலுவலக வழக்கில் இதற்கு வேறு சொல் இருந்தால் தாங்களே திருத்திக்கொள்ளவும்.

7. ஆகவே தாங்கள் தலையிட்டு, ரோபோவைப் பழையபடி டீ கொடுக்கும் வேலைக்கே அனுப்ப உத்தரவிட வேண்டும். நடிகர் நடிகையர் யாரும் ரோபோவின் மேல் தொங்கும் நூலைத் தொடக் கூடாது, அது உடைப் பிரிவின் வேலை என்று எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். நான்காம் முறை விளக்கை எரிய வைத்தது லூஸ் காண்டாக்ட்டா, கட்டைவிரலா என்பதை விவரம் தெரிந்தவரைக் கொண்டு ஆராய வேண்டும். லூஸ் காண்டாக்ட் என்றால் இம்மனுவைத் திரும்பப் பெற்று, கதாநாயகி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டைவிரல் என்றால் வீட்டு முகவரிக்குக் கடிதம் போட வேண்டாம், மாமியார் பிரித்துவிடுவார். என்னை நேரில் கூப்பிட்டுச் சொல்லவும்.

8. நாளைக் காலை கதாநாயகி ரோபோவிடம் மனதைத் திறந்து சொல்லும் காட்சி எடுக்கிறார்கள். அதன் காட்சித்தாளில் "விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. ஆராய்ச்சிக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு பொருளை இத்துடன் சமர்ப்பிக்கிறேன். நாளை அவர்கள் அதைத் தேடுவார்கள். புதிதாகத் தைக்க என்னிடம்தான் வருவார்கள், எனக்கு நாளைக்கு உடம்பு சரியிருக்காது. விசாரணை முடியும்வரை அதைத் தங்கள் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கும்,
(ஒப்பம்)
உடைப் பிரிவுத் தையல்காரர்

நாள்: திங்கட்கிழமை
இடம்: தையல் மேசை

இணைப்பு: இடது கையுறை – ஒன்று. (பேட்டரி புதியது.)