அன்று என் முறை

செப்டம்பர் 10, திங்கள், 1962

காலையில் மூட்டம். பத்து மணிக்கு வெயில் வந்தது, முதலாளிக்கு உயிரும் வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குத் தீபாவளி சீசன். களத்தில் காயப்போட்ட வெடி இரண்டு தடவை உள்ளே போய் இரண்டு தடவை வெளியே வந்தது. மழை வேண்டாம் என்று இங்கே நான் ஜெபிக்கிறேன். மானாவாரிப் பருத்திக்கு மழை வேண்டும் என்று மல்லாங்கிணற்றில் என் மச்சினன் ஜெபிக்கிறான். ஆண்டவர் பாடு திண்டாட்டம்தான்.

ஞாயிறு ஆராதனைக்கு முன் செய்ய வேண்டியவை:
கோயில் கூரையில் உடைந்த ஓடு இரண்டு.
திருவிருந்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல்.
ஞானஸ்நானத் தொட்டி கழுவ. உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறது.
என் ஜிப்பா, வெளுக்க.

சாயங்காலம் விருதுநகரிலிருந்து எங்கள் சபைக் குருவானவர், ஐயர், வந்தார். ஆமத்தூர் வரை பஸ், அப்புறம் இரவல் சைக்கிள். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"மூப்பரே, நல்ல சமாச்சாரம். சுப்பம்மா ஞானஸ்நானம் கேட்டிருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமையே வச்சிருவோம். சாட்சிக்கு நீங்கதான் பக்கத்துல நிக்கணுமாம், அவங்களே கேட்டாங்க. அதுக்கு முன்னால உங்க அனுபவத்தையும் சபைக்குச் சொல்லிருங்க."

சுப்பம்மா, மு.வின் மனைவி. கம்பெனிக் கொட்டகை வெடித்ததில் செத்துப் போனவன். என் கூட்டாளி. இந்த நோட்டில்கூட அவன் பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. மு. போதும்.

காபி வேட்டியில் தளும்பிவிட்டது. என் மனைவி எஸ்தர் பார்த்தாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 11, செவ்வாய்

ஓடு மாற்றியாயிற்று. முழங்கால் வலி.

என் அனுபவம் ஐயருக்கு மனப்பாடம். சுற்று வட்டாரச் சபைகளுக்கே மனப்பாடம். பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஸ்தோத்திரப் பண்டிகையிலும் சொல்கிறேனே. "வெடிமருந்து சலிக்கப் போகுமுன் ஜெபிக்கும்படி ஆண்டவர் என்னை வெளியே அழைத்தார். நான் முழங்காலில் நிற்கும்போது கொட்டகை வெடித்தது. என்னோடு வேலை செய்த ஒருவர் உள்ளே இருந்தார்." இந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நானும் கொஞ்சம் நிறுத்துவேன். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதுவரை பழகி வைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

அந்தக் கதையால்தான் மூப்பர் ஆனேன். முன்வரிசையில் கை வைத்த நாற்காலி.

செப்டம்பர் 12, புதன்

காற்று. மழை இல்லை. சிவகாசியிலிருந்து ஆர்டர் கூடுதலாக வந்திருக்கிறது.

இதுவரை எங்கும் எழுதாததை எழுதிவிடுகிறேன்.

மருந்து சலிப்பது வெயில் ஏறுமுன். ஒரு கொட்டகைக்கு இரண்டு பேர். ஒருவன் உள்ளே உட்கார்ந்து சலிப்பான், மற்றவன் சலித்ததை வெளியே சுமப்பான். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை மாறும். அன்று சலிப்பது என் முறை. எனக்கு பீடி இல்லாமல் கை ஓடாது அப்போது. "நீ ஆரம்பிச்சிரு, இந்தா வந்துர்றேன்" என்றேன். மு. சிரித்தான். "சீக்கிரம் வாலே" என்றான். முள்வேலி தாண்டிப் பனைமரத்துப் பக்கம் போய்ப் பற்ற வைத்தேன். பாதிப் பீடி. தரை ஆடியது.

கால் விட்டுப்போய் மண்டியிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே கிடந்தவனை முதலில் பார்த்தது பழைய உபதேசியார். பாவம், நல்ல மனுஷர், இப்போது இல்லை. "ஜெபம் பண்ணிக்கிட்டா இருந்தீக?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். மறுநாள் அது ஊர்க்கதை, மறு வருஷம் பிரசங்கக் கதை.

அதுவரை பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் கோயிலுக்குப் போனவன் நான். அதன்பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை. பீடியைத் தொட்டதில்லை. ஆரம்பம் பொய். ஆனால் பிறகு தனியாக அழுது ஜெபித்தேனே, அதெல்லாமும் பொய்யா? தெரியவில்லை. இதை யாரிடம் கேட்பது?

செப்டம்பர் 13, வியாழன்

தொட்டி கழுவினேன். மூன்று தடவை.

எஸ்தர்: "சுப்பம்மா இன்னிக்கு விசுவாசப்பிரமாணம் ஒப்பிச்சா. ஒரு எழுத்துப் பிசகல. பேரு மட்டும் மாத்த மாட்டேங்கா. ஐயர் மார்த்தாள்னு வைக்கலாம்னாரு. எம் புருசன் கூப்பிட்ட பேரு இருக்கட்டும்னுட்டா."

என் பொய்யை நம்பி ஒருத்தி தண்ணீருக்குள் இறங்குகிறாள். அதுவும் யார்? சொன்னால் மூப்பர் பதவி போகும், போர்மேன் வேலை போகலாம், எஸ்தர் தெருவில் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் நின்று "பிசாசின் கிரியைகளை வெறுக்கிறேன்" என்று நானும் கூடச் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வந்து படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உடம்பு கல் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 14, வெள்ளி

கம்பெனியில் மானங்கெட்டேன். விடியக்காலை நாலாம் கொட்டகையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் கண்ணு எரியுதுப்பா, இன்னிக்கு நீ சலி, நாளைக்கு நான் சலிக்கேன்." அவ்வளவுதான் பேச்சு.

"முறை மாத்தக் கூடாதுன்னு எம்புட்டு தடவ சொல்லியிருக்கேன்! வெளிய வாங்கலே ரெண்டு பேரும்!"

களமே திரும்பிப் பார்த்தது. கொட்டகையைப் பூட்டினேன். முதலாளி வந்து, "என்ன போர்மேன், சீசன் நேரத்துல கொட்டகையப் பூட்டுறீக?" என்றார். சாவியை மடியில் செருகிக்கொண்டேன். என் ஆட்கள் முறை மாற்றிக்கொள்ள நான் விட்டதே இல்லை. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

எஸ்தரிடம் சொல்லிவிட்டேன், மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது. குழவி நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு, "அவகிட்ட போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு" என்றாள்.

செப்டம்பர் 15, சனி

வெயில். சம்பளம் போட்டார்கள். மூன்று மணிக்கு சுப்பம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே. ஓடு மாத்துனீகளாமே, கூரை ஒழுகாதுல்ல?"

நின்றுகொண்டே சொன்னேன். பீடி, வேலி, மண்டியிட்டது, தலையாட்டியது. வரிசையாக. உட்கார்ந்தால் முடிக்க மாட்டேன் என்று பயம்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு குழாய், இன்னொரு குழாய்.

"தெரியும்ணே."

சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

"அன்னிக்குக் காலையில கஞ்சி குடிக்கையில சொன்னாரு. இன்னிக்கு எனக்குச் சுமக்கிற முறை, சலிக்கிறது அவன்னு. அப்புறம் எப்படி அவரு உள்ள இருந்தாரு? பதினோரு வருசமா நானும் கணக்குப் போட்டுப் பாக்குறேன்."

"தெரிஞ்சுமா ஞானஸ்நானம்..."

"உங்களால நான் வரலண்ணே." இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "காரியம் முடிஞ்சு அம்புட்டு சனமும் போயிருச்சு. எஸ்தர் மதினிதான் வெள்ளிக்கு வெள்ளி கஞ்சி கொண்டாந்து, குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பாக. ஒரு நாளும் சாமியப் பத்திப் பேசல. அவுக சாமி யாருன்னு நானாத்தான் கேட்டேன்."

ஐந்து நாளாக அவள் ஆத்துமாவை நான் சுமக்கிறதாக நினைத்துத் தவித்தேன். அவளோ என்னை எண்ணிக்கையில்கூடச் சேர்க்கவில்லை. நெஞ்சில் நிம்மதி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது ரோஷம். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அங்கேயே தெரிந்தது.

"அப்ப என்னை எதுக்கும்மா சாட்சிக்குக் கேட்ட?"

"பக்கத்துல நிக்க வச்சாலாவது சொல்லுவீகன்னு. எங்கிட்ட சொன்னது பத்தாதுண்ணே. கோயில்ல சொன்ன பொய்யக் கோயில்லதான் எடுக்கணும். வருசா வருசம் 'ஒருவர், ஒருவர்'ங்கீக. அவருக்குப் பேரு இல்லையா?"

செப்டம்பர் 16, ஞாயிறு

மூட்டம், தூறல் இல்லை. கோயில் நிறைய ஆள்.

முடிந்ததை முதலில் எழுதுகிறேன். கமிட்டி கூடும்வரை எனக்கு மூப்பர் பொறுப்பு கிடையாது, திருவிருந்து கிடையாது. ஐயர் முகம் சுண்டிப்போய்ச் சொன்னார். சரி என்றேன். சுப்பம்மாவுக்கு சாட்சியாக எஸ்தர் நின்றாள். நான் கடைசிப் பாயில், கதவுப் பக்கம். தேவதூதன் மாதிரி வெளுத்த ஜிப்பா. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நாளை கம்பெனியில் என்ன ஆகுமோ.

சொன்னது இப்படி. எழுந்தேன். பீடி வரைக்கும் நன்றாகவே சொல்லிவிட்டேன். அப்புறம் பழக்கதோஷம், வாய் தானாகவே "என்னோடு வேலை செய்த ஒருவர்" என்று போனது. வழக்கமாக நிறுத்துகிற இடம். நின்றும்விட்டேன்.

முன் பாயில் சுப்பம்மா தலையை நிமிர்த்தினாள்.

மறுபடி சொன்னேன். அவர் பேர் முத்தையா. அன்று சலிப்பது என் முறை.