மதிலுக்குள் விட்ட குதிரைகள்

நெடுந்தீவு
28.9.1986

அன்பு மகன் ஞானசீலனுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், ஜேர்மனியில் நீயும் சுகமாய் இருக்க வேண்டுமென்று நாள்தவறாமல் செபமாலை சொல்லுகிறேன். உன் அக்கா மேரிறோசுக்கு ஓகஸ்ட் ஏழாம் திகதி யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை பிறந்தது, இரண்டு பேரும் சுகம், பிள்ளைக்கு உன்னுடைய மூக்கு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஈரத்தலையோடு வெளியே திரியாதே.

அந்தப் பேற்றுக்கு நாலு நாளில் திரும்பலாமென்றுதான் அப்பாவும் நானும் வள்ளம் ஏறினோம். வெளியில் புல் கருகிப் போய்க் கிடந்தபடியால் அப்பா எங்கள் ஐந்து குதிரைகளையும் மேற்குக் கரையில் உள்ள காட்டு வளவுக்குள் விட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து, மதிலின் கடவையைக் கல்லடுக்கி அடைத்துவிட்டு வந்தார். தீவில் மிஞ்சின காடு அவ்வளவுதானே, நாவலும் பூவரசும் நிழலாவது தரும். போன வருசம் வனவிலங்கு இலாகா ஐயா ஒருவர் வந்து இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று எழுதிக்கொண்டு போனபோது, அப்பா அவருக்கு ஒவ்வொரு குதிரையாய்ப் பேர் சொல்லிக் காட்டினவர். ஊரார் பயணம் போனால் மாடுகளையும் இப்படித்தான் விட்டுப் போவார்கள், தண்ணீர் முடிந்தால் மாடு கத்தும், றோட்டால் போகிறவர் யாரென்றாலும் இறைத்து ஊற்றிவிட்டுப் போவார், ஒருவரிடமும் சொல்லிவைக்கத் தேவையில்லை. அப்பாவும் சொல்லிவைக்கவில்லை.

நாங்கள் போய் மூன்றாம் நாள் நேவிக்காரர் கடற்போக்குவரத்தை நிறுத்திப்போட்டார்கள். நாற்பத்தொரு நாள் அங்கேயே கிடந்தோம். அப்பா விடிய எழும்பிக் கரைக்குப் போவார், வள்ளம் இல்லையென்று வருவார், ஒரு வாய் சோறும் இறங்காது. திரும்பி வந்து பார்த்தால் மூன்று குதிரைகள் தொட்டியடியில் செத்துக் கிடந்தன, செம்பியும் அவளின் குட்டியும் கடவையடியில். பக்கத்து வளவுத் தம்பையா தலையில் அடித்து அழுதான். "ஒரு சத்தமும் கேக்கேல்லை அக்கா, மாடெண்டால் கத்தியிருக்கும், நான் ஓடி வந்திருப்பன்" என்றான். குதிரை மாடு மாதிரித் தண்ணீருக்குக் கத்தாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை மகன்.

"நான்தானே அடைச்சனான்" என்பதைத் தவிர அப்பாவின் வாயில் வேறு பேச்சில்லை. நெஞ்சு இழுக்க இழுக்கப் போய் அந்த மதிலைக் கல்கல்லாய்ப் பிரிக்கிறார், ஆடுகள் புகுந்து மரக்கன்றுகளைக் கடிக்கின்றன. பேய்வேலை பார்க்க வேண்டாமென்று முதலில் ஏசினேன், இப்போது தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

"குதிரையள் எல்லாம் சுகமெண்டு அவனுக்கு எழுது" என்று நேற்றுச் சொன்னார். எழுதிப் பார்த்தேன், ஏலவில்லை. இதை அவர் பார்க்கவில்லை, தம்பையாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் கடிதத்தை உடைத்து வாசிக்கிறவர் அவர்தான், நீ எப்போதும் முதலில் கேட்கிறதும் குதிரைகளைத்தான். கேட்டு எழுதினால் அவர் தாங்கமாட்டார், கேளாமல் விட்டால் நான் சொல்லிப்போட்டேனென்று விளங்கிவிடும். என்ன எழுதுவாயோ எனக்குத் தெரியாது ராசா, ஆனால் பிந்தாமல் கெதியாய் எழுது.

ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
மாக்கிறேற்