சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்தது

டயகம,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் ஜெனிதாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே இத்தாலியில் நீயும் நீ பராமரிக்கிற அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்கிறார், அதனால்தான். கீழ் வீட்டுப் பூரணியின் மகள் புதன்கிழமை உன் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் மாத்திரை, நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லி, சோற்றைக் குழைத்துத்தான் கொடுக்கிறேன். மற்ற மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம், அதனால் தும்மிக்கொண்டு வருகிற தடிமன் காய்ச்சல்காரர் யாரையும் வாசல் தாண்ட விடுவதில்லை. கோயில் திருநாளுக்கும் போகவிடவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை. அந்தியானால் கண் இமை விழுந்து பேச்சுக் குழறியபோது, தசை தளர்கிற நோய் என்று தெரியாமல், குடித்துவிட்டு வருகிறார் என்று நானே இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேனே.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன், பதறாதே. கிளினிக் நர்ஸ் தன் அரைகுறைத் தமிழில், “அம்மா, ஒரே மூச்சில எண்ண சொல்லுங்க, இருபது வரல்லன்னா வீட்ல வைக்க வேணாம்” என்று சொன்னார் அல்லவா. காலையும் மாலையும் எண்ணவைத்துக் கலண்டரில் எழுதினேன், ஞாயிறுதோறும் உனக்கும் சொன்னேன். முப்பது, முப்பத்திரண்டு என்று நான் சொன்ன கணக்கு எல்லாம் பிழை மகளே. எண்ணும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், நான் மலையைப் பார்க்கிறார் என்று இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் சாயாமல் இருக்கட்டும் என்று முதுகில் கை வைத்துப் பிடித்திருந்தேன். பதினாலு சொன்னதும் முதுகு என் கைக்குள் உப்பியது. இடையில் திருட்டு மூச்சு எடுத்திருக்கிறார். அப்படியே பக்கத்து வீட்டு நிஷாந்தியின் புருஷனுடைய ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மெஷினில்தான் மூச்சு விட்டிருப்பார் என்று டாக்டர் சொன்னார். ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றி நேற்றுத்தான் விட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று வார்டிலேயே கேட்டேன். “உண்மையச் சொன்னா நீ பிள்ளைக்குச் சொல்லிருவ, அவ அடுத்த மாசத்து நர்சிங் பரீட்சைய விட்டுட்டுப் பாஸ்போட்டத் தூக்கிட்டு வந்துருவா” என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற வேலையில் இருந்த காலத்தில், சாக்கின் கனம், இலையின் ஈரம் என்று, சாக்குக்கும் தண்ணிக்கும் ஒவ்வொரு பையிலும் இரண்டு கிலோ கழித்த மனுஷன், கட்டிய பெண்டாட்டி என்றும் பாராமல் என் பையைக்கூட விடாதவர். இனி நீங்கள் சொல்கிற எண்ணிக்கையில் நானும் கழிப்பேன் என்றேன். மூக்கால் சிரித்தார்.

இன்று காலை முதுகில் கை வைத்தே எண்ணவைத்தேன், இருபத்தாறு. இதை எழுதுகிற நேரத்துக்குள் மூன்று தரம் எழுந்துபோய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டேன், தூங்குகிறவரை எழுப்பி எண்ணச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஆட்டோச் சத்தம் கேட்டாலே நீதானோ என்று கால் வாசலுக்குப் போகிறது. உன்னை வா என்று எழுதவில்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. பரீட்சையை எழுது, அப்பா அதற்காகத்தான் மூச்சைத் திருடினார்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஆண்டவர் உன் கையைப் பிடித்து நடத்தட்டும், உன் கையால் நோயாளிகள் சுகப்படட்டும். ஒன்றை மறக்காதே, மேலே சுகம் என்று எழுதியிருக்கிறேனே, அதிலும் சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்துக்கொண்டு வாசி.

இப்படிக்கு,
உன் அம்மா
யே. மார்கிரட்