நாலாவது முறை கழற்றிய சுருள்

என் செல்ல மகளுக்கு,

கால் வலி தேவலையா? நம் யூதப் புத்தாண்டுக்கு முந்தைய எலுல் மாதம் பிறந்ததும் வீட்டைக் காக்குமென்று வாசல் நிலையில் பொருத்தியிருந்த மெசூசாவைக் கழற்றி, உள்ளிருக்கும் வேதச் சுருளில் எழுத்து ஏதாவது சிதைந்திருக்கிறதா என்று பார்க்க, சுருள் எழுதும் எல்கானாவிடம் கொண்டுபோனேன். நான் ஓட்டிய காரில் உன் கால் அடிபட்ட அந்த விபத்துக்குப் பிறகு இது நாலாவது முறை. சிரிக்காதே. ஓர் எழுத்தில் கீறல் இருந்தால்கூட அன்று நடந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுமே!

அவன் சுருளைப் பிரிக்கவே இல்லை.

"மூணு தடவ பாத்தாச்சு அக்கா, எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது எல்லாரும் கடவுள்கிட்ட திரும்பி வர்ற மாசம். நீங்க மட்டும் இன்னும் அந்த மலை வளைவுலயே வண்டியோட நிக்கிறீங்க. வீட்டுக்கு வாங்க!" என்று கத்தியேவிட்டான்.

எனக்கும் கோபம்தான். வீட்டுக்கு வந்து நானே ஆணி அடித்து அதைப் பொருத்தினேன். விரலால் தொட்டு முத்தமிட்டு உள்ளே போய், உன் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

நேற்று கார் சாவியைத் தேடி எடுத்தேன். சந்தை வரைக்கும்தான் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸில் இறங்கும்போது காரோடு வரட்டுமா? பயமாக இருந்தால் சொல், நடந்தே வருகிறேன். ஆனாலும் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டேன், நீ காலை நீட்டிக்கொள்ள.

உன் அம்மா