சாமிக்குச் சொன்ன முடி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை ராத்திரி.

தம்பி மகன் முரளி ஆடுகிற கோஷ்டி டிவி போட்டியில் பைனலுக்கு வந்துவிட்டது. தெருவே வெடி வெடித்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது, பைனல் வரைக்கும் வந்தால் அவன் முடியைத் தருகிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் சென்னையிலிருந்து போன் பண்ணினான். சொல்லிவிட்டேன்.

"ஐயோ அத்தை! என் முடிய நீங்க எப்படி வேண்டிக்கலாம்? எங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி செம்பட்டைச் சாயம் அடிச்ச முடி. நான் மட்டும் மொட்டையா போய் நின்னா மாஸ்டர் வெளிய உக்கார வச்சிடுவாரு."

"பைனல் முடிஞ்சதும் குடுத்துக்கலாம்டா. ஆனா தலைய தரையில வச்சு பம்பரமா சுத்துறியே, அத மட்டும் வுட்டுடு. சாமிக்குச் சொன்ன முடி தரையில தேயக்கூடாது."

"அதுக்குத்தான் அத்தை ஜாஸ்தி கைதட்டுறாங்க."

நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"அழாதீங்க. தலையில துணி கட்டிக்கினு சுத்துறேன், போதுமா?" என்றான்.

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தடியில் வைத்திருக்கிறேன். வேண்டுதல் தள்ளிப்போகிறதே தவிர, மறக்கவில்லை. ஆனால் போனை வைக்கும்போது அவன் சொன்னதுதான் உறுத்துகிறது: பயிற்சியில் அவன் கோஷ்டிப் பையன் ஒருத்தன் இதே மாதிரி தலையால் சுற்றிக் கழுத்து பிசகிப் படுத்திருக்கிறானாம்.

அப்பா அண்ணாமலையா, வேண்டிக்கொண்டது நான், அவன் இல்லை. முடி வந்து சேருகிற வரைக்கும் அந்தத் தலையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.