நீங்கள் நின்று எடுத்த படங்கள்

ஏனுங்க, இன்று காலை உங்கள் போன் தானாகவே ஒரு படத்தைக் காட்டியது. போன வருடம் இதே நாளில் நீங்கள் எடுத்ததாம். ஓர் இரும்புக் கைப்பிடி. விரலால் தள்ளினால் அடுத்தடுத்த படங்கள்: ஈரமான கல்படி, ஒரு பூந்தொட்டி, யார் வீட்டுச் சுவரோ. சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சுவரைப் படமெடுத்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இவற்றைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்கிறான் மகன். மாட்டினால் கழற்றி எறிவேன் என்று சொல்லிவிட்டேன்.

அவன் அங்கே இல்லை. அந்தக் கல்படி ஏற்றத்தில் உங்கள் பின்னால் வந்தவள் நான். நாலு படி ஏறுவீர்கள், நிற்பீர்கள், போனைத் தூக்குவீர்கள். "சாருக்கு போட்டோ ஹுச்சு", படமெடுக்கும் பைத்தியம், என்று டூர் பஸ்ஸில் கூட வந்த உங்கள் பழைய ஃபேக்டரி நண்பர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. "மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டேன். "குளுரு காத்து புள்ள, சும்மா வா" என்றீர்கள். பொய்யை எவ்வளவு அன்பாகச் சொல்வீர்கள்!

ஹார்ட் அட்டாக் வந்து தேறிய மனுஷனை மைசூர் டாக்டர் சும்மா அனுப்பிவிடவில்லை. நீர் மாத்திரையைத் தினமும் போட வேண்டும், கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே சொல்ல வேண்டும், ஊறுகாய் கூடாது என்றார். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினீர்கள். அங்கே போய் பிரெட் இறங்கவில்லை என்று அடுத்தவர் பாட்டிலில் இருந்த மாங்காய் ஊறுகாயை வழித்தீர்கள். ஷூ காலில் ஏறவில்லை. கேட்டதற்கு, "ரெண்டு சாக்ஸு போட்டிருக்கறன்" என்றீர்கள்.

அடுத்த ஊரில் ஓட்டல் வாசலிலேயே சரிந்தீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உங்கள் ஸ்வெட்டரை என் கையில் கொடுத்தாள். அதன் பையில் நீர் மாத்திரைகள், நான் காலைதோறும் தண்ணீரோடு உங்கள் உள்ளங்கையில் வைத்தவை. "வாயைத் திற, பார்க்கிறேன்" என்று சொல்ல நீங்கள் என்ன கைக்குழந்தையா? ஏன் போடவில்லை என்று கத்தினேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சொன்னீர்கள்: "அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும் புள்ள. எனக்காவ பஸ்ஸ நிறுத்தச் சொல்றதா? அத்தன பேரு என்ன நெனப்பாங்க?"

ஹெப்பாள் ஃபேக்டரியில் உற்பத்தி லைன் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க நீங்கள் ஓதிய மந்திரம் அதுதான்: "ஒருத்தனுக்காவ லைன் நிக்கக் கூடாது." ரிட்டயரான பிறகும் உங்களுக்கு உலகமே லைனாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் போய்விட்டீர்கள். பத்து நிமிடம் நிறுத்தச் சொல்ல நீங்கள் கூசிய அதே பஸ் உங்களுக்காக முழு நாள் நின்றது. இப்போது திருப்திதானே?

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள், "யாருக்கும் தொந்தரவு குடுக்காத மனுஷருங்க" என்று. கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றி எரிந்தது. சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில், பாஷை தெரியாமல், உங்கள் உடம்புக்குக் கையெழுத்துப் போட்டேனே, அது தொந்தரவில்லையா? அந்தக் கணக்கில் நான் ஓர் ஆளே இல்லையா?

கோபம் ஆறிவிட்டதா அத்தை என்று மருமகள் கேட்கிறாள். ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன்.

இப்போது எனக்கும் அதே நீர் மாத்திரைதான், பிரஷருக்கு. அதைப் போட்டுக்கொண்டுதான் போன மாதம் ஹனூருக்குப் பஸ் ஏறினேன். நரசீபுரம் தாண்டியதும் முட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொன்னதற்கு, "கொள்ளேகால்ல நில்ஸ்தீனம்மா" என்றான் கண்டக்டர். "ஈகலே நில்ஸப்பா!", இப்போதே நிறுத்து, என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். நான் இறங்கியதும், என் பின்னால் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வயதில் ஒருவர்.

நான் திரும்பி வரும்போது அவர் எதிரே மெதுவாக நடந்து வந்தார். "நீங்க கேட்டது புண்ணியமாப் போச்சுங்கம்மா. ரொம்ப நேரமா அடக்கிட்டே இருந்தனுங்க."

"ஏனுங்க, உங்களுக்கு வாயில்லீங்களா?" என்று சீறினேன். பாவம், மிரண்டு போனார். வந்து பஸ் படியில் ஏறினேன், உள்ளே போகவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான்.

படியை விட்டு நகராமல் சொன்னேன், இன்னும் ஒருவர் வரவேண்டியிருக்கிறது என்று.